லீவரைக் கட்டிப்போட்ட ராத்திரி

ஐப்பசி மழை சற்றே விட்டிருந்த ஒரு நாள், இருட்டி, விளக்கு வைத்து, சந்து முழுக்கக் கதவடைத்த பிறகுதான் அந்தச் சத்தத்தை முதலில் கேட்டேன்: மேட்டு வீட்டில் தொடங்கிக் கடைசி வீடான எங்கள் வீடுவரை, இருட்டுக்குள் யாரோ மிகப் பெரிய ஜெபமாலை ஒன்றை மணி மணியாய் உருட்டிக்கொண்டு வருவதுபோல, இரும்பின்மேல் இரும்பு வழுக்கி, டக், டக், டக் என்று இறங்கிவந்து எங்கள் கதவில் நின்றது; ஒரு மூச்சு நேரம் ஒன்றுமில்லை; பிறகு அதே சத்தம் வந்த வழியே மேலே ஏறிப் போய்விட்டது.

அது தாழ்ப்பாள்கள் திறந்து மூடிய சத்தம். கோத்தகிரிக்குக் கீழே, ஒரு பக்கம் தேயிலையும் மறுபக்கம் சோலைக்காடுமாக, படிக்கட்டுபோல் இறங்கும் எங்கள் சந்தில் தாழ்ப்பாள் சத்தத்தை யாரும் தப்பாகக் கேட்க முடியாது. எண்ணெய் வாசனைக்குக் கரடி வரும் இடம் இது. பொழுது சாய்ந்ததும் மேட்டு வீட்டு போஜண்ணன் தன் கதவைச் சாத்திவிட்டு, "தாழ் போட்டாச்சா?" என்று சுவரைத் தட்டிக் கேட்பார், அடுத்த வீடு "போட்டாச்சு" என்று சொல்லித் தனக்குக் கீழே இருக்கும் வீட்டைக் கேட்கும், அப்படியே கேள்வி இறங்கி இறங்கி எங்களிடம் வந்து முடியும். கீழே கேட்க எங்களுக்கு வீடில்லை, சோலைதான் இருந்தது. போஜண்ணனின் இடது காதில் பாதியை ஒரு கரடி என்றைக்கோ எடுத்துக்கொண்டு போயிருந்தது. அதனால் அவர் கேட்டால் யாரும் விளையாட்டுக்குப் பதில் சொல்வதில்லை.

அந்தச் சத்தம் வந்தபோது என் வீட்டுக்காரர் சவரிநாதன் முன்னறையில், அவருடைய அப்பா விட்டுப்போன பழைய மோட்டார் சைக்கிளின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, கிளட்ச் லீவரைப் பிடிப்பதும் விடுவதுமாக இருந்தார். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டென்று அப்போது யார் நினைத்தோம். நானோ மடியிலிருந்த குழந்தையின் மூக்கின் கீழே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். குழந்தை பிறந்ததிலிருந்து எனக்கு அதுதான் வேலை.

என் மகள் அவசரப்பட்டு வந்துவிட்டவள். ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தபோது, தங்குமோ தங்காதோ என்று ஒரு நர்ஸ் சிஸ்டரே தண்ணீர் தெளித்து அமலோற்பவ மேரி என்று ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார். அந்தப் பெயர் அவளைவிடக் கனமாக இருந்தது. பெட்டியிலிருந்து எடுத்து என் கையில் கொடுத்து அனுப்பும்போது டாக்டரம்மா, "பவுடர் பால் இவ வயித்துக்கு ஒத்துக்கலை. தாய்ப்பால்தான். அடுத்த வியாழக்கிழமை எடை ஏறாம வந்தீங்கன்னா திரும்பவும் பெட்டிக்குள்ளதான் வைக்கணும்" என்றார். பால் எனக்குள் இருந்தது. இருந்து, கல்லாய்க் கட்டி, காய்ச்சலாய் வலித்து, இறங்க மட்டும் மாட்டேன் என்றது. பிழிந்து பிழிந்து பாலாடைக் கிண்ணத்தில் நாலு சொட்டு எடுத்து அவள் உதட்டில் விடுவேன். "பயந்தா பால் இறங்காதும்மா, பயப்படாதே" என்று நர்ஸ் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து பயப்படுவதற்கும் சேர்த்துப் பயந்தேன். கான்வென்டில் படித்த காலத்தில் எல்லாப் பயத்துக்கும் ஒரு ஜெபம் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். மின்னலுக்கு ஒன்று, பரீட்சைக்கு ஒன்று, நல்ல மரணத்துக்கு ஒன்று. கட்டிக்கொண்ட பாலுக்கு எந்த ஜெபம் என்று கன்னியாஸ்திரீகளிடம் கேட்கத் தோன்றியிருக்கவில்லை.

வண்டி அந்த வியாழக்கிழமைக்காகத்தான். பஸ்ஸில் ஆளுக்கு ஆள் இருமுவார்கள், குழந்தையைக் கூட்டத்தில் கொண்டுவரக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாய்ச் சொல்லிவிட்டதால், தார்ப்பாய்க்குள் துருப்பிடித்துக் கிடந்த வண்டியைச் சவரி முன்னறைக்குள் ஏற்றி, டேங்கைக் கழுவி, பிளக்கைச் சுரண்டி, ஒயரெல்லாம் மாற்றி, தேயிலைத் தொழிற்சாலை வேலை முடிந்த சாயங்காலங்களில் ஒரு மாதிரி உயிர் வரவழைத்துவிட்டார். கிளட்ச் மட்டும் மசியவில்லை. லீவரைப் பிடித்தாலும் ஒன்றுதான், பிடிக்காவிட்டாலும் ஒன்றுதான். கியரில் போட்டதும் வண்டி கன்றுக்குட்டிபோல் ஒரு துள்ளு துள்ளி அணைந்துவிடும். கேபிளை மாற்றினார், கிரீஸ் வைத்தார், திருகைத் தளர்த்தினார், இறுக்கினார், ஆயிலை வடித்துப் புதுசு ஊற்றினார். இத்தனை கொண்டை ஊசி வளைவுகளில் கிளட்ச் இல்லாத வண்டியில் குழந்தையோடு இறங்க முடியுமா? "இன்னைக்குப் பார்த்துடறேன் ஜெசி" என்பார் தினமும். தினமும் தாழ்ப்பாள்கள் ஓடின.

சந்து அதைக் கரடி என்று முடிவு கட்டியது. கரடி தாழ்ப்பாள் திறக்கப் பழகிக்கொண்டுவிட்டது என்று தண்ணீர்க் குழாயடியில் பேசிக்கொண்டார்கள், வனத்துறை கார்டு ஒருவர் வந்து ஒவ்வொரு தாழ்ப்பாளையும் மோந்து பார்த்து, "ரொம்ப மூளையுள்ள மிருகம்ங்க. ரெண்டாவதா ஒண்ணு போட்டுக்கங்க" என்று சொல்லிவிட்டு டீ குடித்துப் போனார், எல்லோரும் இரண்டாவது தாழ்ப்பாள் போட, மறுநாளிலிருந்து சத்தம் இரட்டித்தது, தாழ்ப்பாளில் மிளகாய்த்தூள் தடவினார்கள், கரடிக்கு ஒன்றும் ஆகவில்லை, ஊரெல்லாம் கண்ணைக் கசக்கிக்கொண்டு திரிந்தது.

உண்மையைக் கண்டுபிடித்தது பக்கத்து வீட்டு கமருன்னிசாக்கா. குழந்தைக்கு வசம்பு உரைத்துக் கொண்டுவந்து என்னோடு உட்கார்ந்திருந்தவர், பேச்சை நிறுத்திவிட்டு எங்கள் கதவையே பார்த்தார்.

"தம்பி, இப்ப என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யலக்கா. கிளட்ச் பிடிச்சேன்."

"இன்னொருக்கா பிடிங்க."

சவரி பிடித்தார். எங்கள் தாழ்ப்பாள் இரண்டும், யாரோ அவசரமில்லாமல் இழுப்பதுபோல, பின்னால் நடந்து போயின. மேலே சந்து முழுக்க டக் டக் டக். அவர் கையை விட்டார். தாழ்ப்பாள்கள் திரும்பி வந்து உட்கார்ந்தன.

"அப்ப கரடி இல்ல, நீங்கதான்" என்றார் அக்கா. "நல்லவேளை. நான்கூட அந்த ஜீவனை ரொம்பத் திட்டிட்டேன்." எழுந்து வீட்டுக்குப் போய், போன ரம்ஜானிலிருந்து மூடி திறக்காமல் இறுகிக் கிடந்த ஊறுகாய் ஜாடியைத் தூக்கிக்கொண்டு வந்து வண்டியின் முன்னால் வைத்தார். "இதுக்கும் ஒருக்கா பிடிங்க பார்ப்போம்."

தன் வண்டியின் சக்கரத்தை விட மாட்டேன் என்ற கிளட்ச், சந்தில் இறுகிக் கிடந்த மற்ற எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தது. அடுத்து வந்த நாட்களில் எங்கள் வாசலில் பலசரக்குக் கடைபோல் ஆள் நின்றது: விரியாத குடை, கழலாத கொலுசுத் திருகு, சாவி தொலைந்த டிரங்குப் பெட்டி, மழையில் உப்பிய மேசை இழுப்பறை. போஜண்ணன் வீட்டம்மா, பொங்கலிலிருந்து தன்னோடு பேசாமலிருக்கும் நாத்தனாரை ஒரு சாக்குச் சொல்லிக் கூட்டிவந்து நிறுத்த, சவரி லீவரைப் பிடித்ததும் அந்த அம்மா வாயைத் திறந்து பொங்கலிலிருந்து சேர்த்து வைத்த அத்தனையையும் சொல்லி முடித்தார். போஜண்ணன் வீட்டம்மா தலையில் கைவைத்துக்கொண்டு, "கையை விடுங்க தம்பி, பேசாம இருந்ததே நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். யாரும் இதை அதிசயம் என்று சொல்லவில்லை. குழாயில் தண்ணீர் வரும் நேரம்போல, "சவரி எத்தனை மணிக்குப் பிடிப்பாப்ல?" என்று மட்டும் கேட்டுக்கொண்டார்கள்.

என்னால்தான் கேட்க முடியவில்லை. வெட்கம் ஒரு பக்கம். கேட்டு, அதுவும் பலிக்காமல் போய்விட்டால் பிறகு எதைப் பிடித்துக்கொண்டிருப்பது என்ற பயம் ஒரு பக்கம். அதையும் கமருன்னிசாக்காதான் உடைத்தார். சவரியை முதுகைத் திருப்பி உட்காரச் சொல்லிவிட்டு, என் மேல் சால்வையைப் போர்த்தி, குழந்தையை மார்பில் வைத்து, "இப்பப் பிடிங்க தம்பி, பிடிச்சதை விடாதீங்க" என்றார்.

அவர் பிடித்தார். எனக்குள் ஏதோ ஒரு முடிச்சு அவிழ்வதுபோல், சூடாக, ஊசி குத்துவதுபோல் இறங்கியது. குழந்தை ஒரு வாய் விழுங்கினாள். அவள் விழுங்கும் சத்தத்தை அப்போதுதான் முதன்முறையாகக் கேட்டேன். இன்னொரு வாய். பழைய வண்டியின் ஸ்பிரிங் என்ன சாதாரணமா, சவரி மறு கையாலும் சேர்த்துப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, கடைசியில் விரல்கள் மரத்து விட்டுவிட்டார். தாழ்ப்பாள்கள் மூடின. பாலும் நின்றுவிட்டது. குழந்தை வாயை வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் யாரிடம் கொண்டுபோய்ச் சொல்வேன்.

செவ்வாய்க்கிழமை கடைவீதியிலிருந்து மெக்கானிக் ஷாஜி வந்தார். வண்டியைச் சுற்றிவந்து, லீவரைப் பிடித்துப் பார்த்து, சந்தே ஆடியதைக் கண்டுகொள்ளாமல், "கிளட்ச் பிளேட்டெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கெடக்கு சேட்டா. நெம்பினா ஒடஞ்சிரும், இந்த வண்டிக்கு வேற பிளேட்டு எங்கயும் கிடைக்காது" என்றார். "ஒரே வழிதான். இஞ்சினைச் சூடு பண்ணி, லீவரை இழுத்துப் பிடிச்சு, சைக்கிள் டியூபால இறுக்கிக் கட்டி, ராத்திரி முழுக்க அப்படியே விட்டுருங்க. விடியறதுக்குள்ள அதுவா பிரிஞ்சிரும்."

சவரி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். ராத்திரி முழுக்க என்றால் ராத்திரி முழுக்கப் பால். ராத்திரி முழுக்க என்றால், சந்தில் ஒரு கதவுக்கும் தாழ்ப்பாள் இல்லை.

மறுநாள் புதன். காலையில் குழாயடிக்கு நானே போனேன், குழந்தையைச் சேலைக்குள் கட்டிக்கொண்டு. குடங்கள் வரிசையில் நின்றன. கான்வென்டில் மேடை ஏறி ஆங்கிலத்தில் கவிதை ஒப்பித்திருக்கிறேன். ஆனால் அன்றைக்குத் தமிழில் ஒரு வாக்கியம் சேரவில்லை. "இன்னிக்கு ஒரு ராத்திரி மட்டும்..." என்று தொடங்கி அழுதுவிட்டேன். மீதியைக் கமருன்னிசாக்கா சொன்னார், பால், வியாழக்கிழமை, கண்ணாடிப் பெட்டி எல்லாவற்றையும், ஆண்கள் நிற்கிறார்களே என்று பார்க்காமல் சொன்னார்.

எல்லோரும் போஜண்ணனைப் பார்த்தார்கள். அந்தச் சந்தில் தாழ்ப்பாள் விஷயம் அவருடையது மாதிரி. அவர் குடம் நிரம்பி வழிவதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பாதிக் காதைத் தடவினார்.

"ஒரு ராத்திரிதானே" என்றார். "எனக்கு இன்னொரு காது இருக்குதே."

பிறகு ஏற்பாடுகள். கரடிக்கு வேண்டியது எண்ணெய், மனுஷனில்லை. அதனால் வீட்டு எண்ணெயை எல்லாம் வெளியேற்றிவிட்டால் கதவு திறந்திருந்தாலும் வராது என்று தீர்மானித்து, நல்லெண்ணெய், கடலையெண்ணெய், கோயில் விளக்கெண்ணெய், மாதா படத்துக்கு முன்னால் ஏற்றும் எண்ணெய், எல்லாவற்றையும் சந்தின் மேல்கோடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்துப் பாறையில் கொண்டுபோய் அடுக்கி, சுற்றிலும் தீ மூட்டி, ஆண்கள் எல்லோரும் தகர டப்பாவோடு அங்கே காவல் இருப்பதென்று ஆனது. சவரியும் போக வேண்டியதாயிற்று. குழந்தைக்குத் தடவும் தேங்காயெண்ணெய் மட்டும் எங்கள் வீட்டிலேயே இருந்தது. அதை எடுக்க ஆட்கள் வரும்போது விளக்கு வைத்தாகிவிட்டது. விளக்கு வைத்த பிறகு பச்சைக் குழந்தைக்குரிய எதையும் வாசல் தாண்டிக் கொண்டுபோவதில்லை என்பது எங்கள் சந்தில் எல்லா மதத்துக்கும் பொது. "அது இருக்கட்டும், அது குழந்தையோடது" என்று விட்டுவிட்டார்கள், கரடிக்கும் அது தெரிந்திருக்கும் என்பதுபோல.

காவலுக்குப் போகும் முன் சவரி இஞ்சினைச் சூடேற்றி, லீவரை இழுத்து, டியூபைச் சுற்றிச் சுற்றி இறுக்கிக் கட்டினார். தாழ்ப்பாள்கள் சந்து முழுக்க ஓடித் திறந்து, திரும்பி வராமல் நின்றன. மேட்டிலிருந்து போஜண்ணனின் குரல் கேட்டது, என்றைக்கும்போலத்தான், ஆனால் சொற்கள் மாறி: "தொறந்திருக்கா?" "தொறந்திருக்கு" என்றது அடுத்த வீடு, "தொறந்திருக்கு" என்றது அதற்கடுத்தது, இறங்கி இறங்கி எங்களிடம் வந்தபோது, பால் இறங்கத் தொடங்கிவிட்டிருந்தது. நான் "தொறந்திருக்கு" என்றேன். என் குரல் அவ்வளவு பெரிதாய் வந்து நான் கேட்டதில்லை.

கமருன்னிசாக்கா துணைக்கு வந்து, லீவருக்குப் பக்கத்தில் இருப்பதே நல்லது என்று முன்னறையிலேயே பாயைப் போட்டு, ஒரு கணம் கண்மூட மாட்டேன் என்று சொல்லித் தூங்கிவிட்டார். குழந்தை குடித்தாள். குடித்துத் தூங்கினாள், தூக்கத்திலேயே தேடிக் குடித்தாள், கடைவாயில் வழிய வழியக் குடித்தாள். அவள் வயிறு என் கையில் கனத்துக்கொண்டே வந்தது. எனக்காகத் திறந்து கிடந்த ஒவ்வொரு வீட்டையும் மேலிருந்து கீழாக நினைத்துக்கொண்டேன். அந்த வீட்டில் படுத்திருப்பவர்களை, அவர்கள் கதவின் இடுக்கில் வரும் குளிரை. ஜெபம் என்று தனியாக எதுவும் சொல்லவில்லை.

கரடி விடியலில் வந்தது. மலையின் மூடுபனியான மஞ்சு கதவைத் தள்ளுவதுபோல் கதவைத் தள்ளிக்கொண்டு, மழைக்கு நனைந்த கம்பளி வாசனையோடு, நெஞ்சில் வெள்ளை வளைவோடு, உள்ளே வந்து நின்றது. வீடு சரிவில் கட்டியது, கதவு அதன் பின்னால் தானாக வந்து சாத்திக்கொண்டது. என்னைப் பார்த்தது. கமருன்னிசாக்காவைத் தாண்டிக் காலை எடுத்து வைத்தது, பரண் பூனைகூட அவ்வளவு கவனமாய் வைக்காது. என் தலைமாட்டில் இருந்த தேங்காயெண்ணெய்ப் புட்டி, எல்லா மூடிகளையும்போல, மூடி கழன்றுதான் இருந்தது. கரடி உட்கார்ந்து, புட்டியை இரண்டு கையாலும் எடுத்து உறிஞ்சத் தொடங்கியது. அறையில் இரண்டு சத்தம்தான்: அது குடிப்பது, இவள் குடிப்பது. கத்துவதற்கு வாயைத் திறந்தேன். கத்தினால் இவள் வாயை எடுத்துவிடுவாளே என்று மூடிக்கொண்டேன்.

அப்போது வண்டிக்குள்ளிருந்து, நாள்பட்ட கோபம் ஒன்று விட்டுப்போவதுபோல, ப்ளக் என்று ஒரு சத்தம் வந்தது. பிளேட்டுகள் பிரிந்துவிட்டன. கரடி திடுக்கிட்டு எழுந்து, இரண்டு காலில் நின்று, கைப்பிடியை ஓங்கி அடித்தது. நகம் பட்டு டியூப் அறுந்தது. லீவர் துள்ளித் திரும்பியது. எங்கள் கதவில் தொடங்கி மேட்டு வீடுவரை அத்தனை தாழ்ப்பாளும் ஒரே ஓட்டமாய் ஓடிப் பூட்டிக்கொண்டன. கரடி உள்ளே. நாங்கள் உள்ளே.

குழந்தையை விடாமல் நகர்ந்துபோய் ஒரு கையால் லீவரைப் பிடித்தேன். வெண்ணெய்போல் வந்தது. தாழ்ப்பாள் அசையவில்லை. மறுபடி பிடித்தேன். அசையவில்லை. அது இப்போது அந்த வண்டிக்கு மட்டும் லீவராகிவிட்டது. விடிந்ததும் அதே லீவரைப் பிடித்துத்தான் சவரி எங்களை ஒவ்வொரு கொண்டை ஊசியாக இறக்கிக் கொண்டுபோகப் போகிறார், தராசைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மறுபடி பார்க்கப் போகிறார், பெட்டி வேண்டாம் என்று சொல்லப் போகிறார். அது எதுவும் அந்த நேரத்தில் எனக்குத் தெரியாது. தாழ்ப்பாள் மூடிவிட்டது, அப்படியானால் பாலும் நின்றிருக்கும் என்று மட்டும் தெரிந்தது, குனிந்து பார்க்கத் தைரியம் வரவில்லை.

பார்த்தேன். அவள் விழுங்கிக்கொண்டிருந்தாள். லீவர் விட்டுப்போய், கதவுகள் எல்லாம் பூட்டிப்போய், கைநீட்டினால் தொடும் தூரத்தில் கரடி மூச்சுவிட, பால் அதுபாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

கரடி கதவைப் பிறாண்டியது. அதற்கு வெளியே போக வேண்டும், அவ்வளவுதான். நான் எழுந்தேன். குழந்தையை மார்பிலேயே வைத்துக்கொண்டு, சுவரை ஒட்டி நடந்து, அதன் ஈர முதுகு என் சேலையில் உரச, மேல் தாழ்ப்பாளை என் கையால் இழுத்தேன், கீழ்த் தாழ்ப்பாளை இழுத்தேன், கதவைத் திறந்து ஒதுங்கி நின்றேன். அது என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மீசையில் எண்ணெய் மின்ன, படியிறங்கி, தேயிலைக்குள் நுழைந்து, சோலைப் பக்கம் போனது. "போயிட்டு வா" என்று வாய் வரை வந்துவிட்டது. "ரொம்ப நன்றி, போ" என்று மாற்றிச் சொன்னேன்.

"யாரும்மா அங்க?" என்றார் கமருன்னிசாக்கா கண்ணைத் திறக்காமல்.

"யாருமில்லக்கா. நீங்க தூங்குங்க."

மேலே பாறையடியில் ஆண்கள் தகர டப்பாவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். மஞ்சு உள்ளே வந்துகொண்டிருந்தது, குழந்தைக்குக் குளிரும். கதவைச் சாத்தி, உள்ளேயிருந்து தாழ்ப்பாளைப் போட்டேன்.